படுக்கைப்புண்: சிஸ்டர் சொல்லும் வழியில் வீட்டுப் பராமரிப்பு

பக்கவாதம் வந்தவரையோ, இடுப்பெலும்பு முறிந்தவரையோ, முதுகுத்தண்டில் அடிபட்டவரையோ திருவண்ணாமலையிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் புதுச்சேரி ஜிப்மரிலிருந்தும் மணலூர்பேட்டைக்குக் கொண்டுவந்து இறக்கும் நாளில், வீட்டில் எல்லாருடைய கவனமும் மாத்திரைப் பையின் மேல்தான் இருக்கும். எது காலையில், எது சாப்பாட்டுக்கு முன் என்று நான்கு பேர் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அவர் எந்தப் பக்கம் படுக்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம். சில வாரங்களுக்குள் வால் எலும்புக்கு மேல் ஒரு கருமை தெரியும். அடுத்த வாரம் அந்த இடத்தில் தோல் உரிந்திருக்கும். பக்கவாதத்தைத் தாண்டிவந்த மனிதர், தடுத்திருக்கக்கூடிய ஒரு புண்ணால் மாதக்கணக்கில் படுத்துக்கிடப்பார்.

படுக்கைப்புண்ணைத் தடுக்கும் அறிவு செவிலியர் துறையில் வளர்ந்த அறிவு. மருத்துவர் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். அறுக்க வேண்டிய சதை இருந்தால் அறுவை மருத்துவர் வருவார். ஆனால் தோல் கெடாமல் காப்பது, கெட்டதை ஆற வைப்பது, ஆறுகிறதா இல்லையா என்று அளந்து சொல்வது ஆகியவை நர்ஸின் வேலை. அதனால் இந்த அத்தியாயத்தில் சிஸ்டர்தான் தலைவர், வீட்டார் அவருடைய கைகள். சிஸ்டர் வந்துபோகும் அரை மணி நேரத்துக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் உள்ள அத்தனை மணி நேரமும் உங்களுடையது.

சிஸ்டரை வீட்டுக்கு வரவழைப்பது

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவது அதில் ஒரு பகுதிதான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவு சிகிச்சை நர்ஸும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவதும் அதே திட்டத்தில் அடங்கும். இந்த இரண்டாவது பகுதியைக் கேட்டுப் பெறாமலே பல வீடுகள் இருந்துவிடுகின்றன. ஆதரவு சிகிச்சை என்றால் புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பக்கவாதம், முதுகுத்தண்டு முறிவு, முதுமைத் தளர்ச்சி என்று எதனால் எழுந்திருக்க முடியாமல் போனாலும் கேட்கலாம்.

மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லுங்கள். பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரில் போய்ப் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. “எங்கள் வீட்டில் புரண்டு படுக்க முடியாதவர் இருக்கிறார்” என்ற வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். “உடம்பு சரியில்லை” என்று சொன்னால் அவசரம் புரியாது. தொலைபேசியில் ஆலோசனை வேண்டுமானால் 104.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளிலும் ஒரு வேலை இருக்கிறது. வார்டு சிஸ்டரை அருகில் வைத்துக்கொண்டு நோயாளியின் முதுகு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பாருங்கள். ஏற்கனவே புண்ணோ கருமையோ இருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் அதை எழுதித் தரக் கேளுங்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிய வேண்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டியுள்ள ஊர்களுக்கு வருகைகள் இடைவெளி விட்டுத்தான் அமையும். அங்குள்ள வீடுகளில் ஒருவருக்கு இருவராக வேலையைக் கற்றுக்கொள்வது நல்லது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது புண்ணின் படத்தை சிஸ்டருக்கு அனுப்பலாம். படத்தில் முகம் தெரியக் கூடாது, நோயாளியைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது.

காயப் பராமரிப்பையே தனிப் படிப்பாகப் படித்த செவிலியர்களும் இருக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை அவர்களுக்குப் பயிற்சி தருகிறது. இந்தத் துறையின் தொடக்கம் 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். அங்கே அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் வேலைக்கு அமர்த்திய நோர்மா கில் நர்ஸ் படிப்பு படித்தவரே இல்லை. அறுவைக்குப் பிறகு வயிற்றில் பை பொருத்திக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள தோலைக் காக்கத் தானாகவே கற்றுக்கொண்ட நோயாளி அவர். “எனக்குப் படிப்பில்லையே, இதெல்லாம் எனக்கு வருமா?” என்று தயங்கும் மருமகள்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

புண் எப்படி உண்டாகிறது

படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் நிற்கிறது. நல்ல உடம்பு தூக்கத்திலும் தானாகப் புரண்டு அதைச் சரிசெய்துகொள்ளும். உணர்ச்சியோ அசைவோ இழந்த உடம்பு அப்படியே கிடக்கும்.

தொழுநோயை நெருக்கமாகப் பார்த்த ஆர்க்காட்டு மாவட்டங்களுக்கு இது புதுப் பாடம் இல்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்ணுக்குக் காரணம் நோய் சதையைத் தின்பது அன்று, உணர்ச்சியற்ற பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று காட்டினார். அழுத்தத்தை விலக்கினால் அதே பாதம் ஆறியது. வால் எலும்புப் புண்ணுக்கும் இதே விதிதான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வால் எலும்பு, இரண்டு இடுப்புப் பக்க எலும்புகள், குதிகால்கள், கணுக்கால் முட்டி, தோள்பட்டை எலும்பு, முழங்கை, பின்மண்டை, காது மடல். மூக்கு வழிக் குழாயோ சிறுநீர்க் குழாயோ தோலை அழுத்தும் இடமும் இதில் சேரும். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, வெளிச்சத்தில் பாருங்கள்.

பாடப்புத்தகங்கள் முதல் அறிகுறி “சிவப்பு” என்று எழுதுகின்றன. வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. நம் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா படிந்தோ தெரியும். கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் சூடாகவோ சில்லென்றோ, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருந்தால், நோயாளி தொட்டதும் முகம் சுளித்தால், அதுதான் முதல் நிலை. தோல் இன்னும் கிழியவில்லை. அழுத்தத்தை இன்றே விலக்கினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்த இடத்தைத் தேய்த்து விடாதீர்கள். உள்ளே நசுங்கியிருக்கும் சதை தேய்ப்பதால் மேலும் சிதையும்.

புரட்டுவது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றபோது, முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தார்கள். இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அந்த விதி இன்றுவரை உலகெங்கும் செவிலியர் கையில் இருக்கிறது. அப்படிக் காக்கப்பட்ட மனிதர் என்னென்ன செய்யலாம் என்பதற்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையமும் அங்கே இயங்குகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

புரட்டுவது என்றதும் முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். அப்போது மொத்த எடையும் இடுப்புப் பக்க எலும்பில் இறங்கி, அங்கே புதிதாக ஒரு புண் வரும். 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்கும் ஒருபக்கப் பிட்டத்துக்கும் கீழே தலையணையை நீளவாக்கில் செருகுங்கள். பிறகு உங்கள் கையை வால் எலும்புக்கு அடியில் விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் எலும்பு படுக்கையைத் தொடவில்லை. இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. கெண்டைக்கால் முழுநீளத்துக்கும் கீழே ஒரு தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பது பல வார்டுகளில் பழக்கம். அழுத்தம் அதில் குறைவதில்லை, அதை விட்டுவிடுங்கள்.

இழுப்பதில்தான் அதிகத் தோல் கிழிகிறது. படுக்கையில் கீழே சரிந்துவிட்டவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுக்கும்போது, மேல்தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகர்கிறது. நடுவில் உள்ள ரத்தக்குழாய்கள் முறுகுகின்றன. ஒரு வீட்டில் சிஸ்டரும் மருமகளும் பேசிக்கொண்டது இது:

“ஆயாவ இழுக்காதம்மா. நீ அந்தப் பக்கம் நில்லு, தம்பி இந்தப் பக்கம். பெட்ஷீட்டோட சேத்துத் தூக்குங்க.”

“ரெண்டு பேரு எப்பவும் இருக்க மாட்டோமே சிஸ்டர்?”

“அப்ப மேல ஏத்த வேணாம். தலைமாட்ட ரொம்ப உயர்த்தாம வச்சா அவங்க சரியவே மாட்டாங்க.”

மருமகளுக்கு சிஸ்டர் தந்த பதிலில் முக்கியமான விதி இருக்கிறது. தலைமாடு 30 டிகிரிக்கு மேல் போகாமல் வையுங்கள். சாப்பிடும்போதும் சாப்பிட்டபின் கொஞ்ச நேரமும் உயர்த்தலாம், பிறகு இறக்கிவிடுங்கள்.

இரவு பெரும் பிரச்சினை. பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டோ நடவு முடித்துவிட்டோ வந்தவர் 2 மணி நேரத்துக்கு ஒருதரம் எழுவது முடிகிற காரியமா? நல்ல ஃபோம் மெத்தையும் சரியான சாய்வும் இருந்தால் சிலருக்கு 4 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். காலையில் தோலைப் பார்த்து, மாற்றம் எதுவும் இல்லாவிட்டால்தான் அந்த இடைவெளி செல்லும். எவ்வளவு நீட்டலாம் என்பதை சிஸ்டர் முடிவு செய்யட்டும். இரவு முறையை வீட்டு ஆண்களும் ஏற்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பல வீடுகளில் ஒரே ஒரு பெண் பகலும் இரவும் இந்த வேலையைச் சுமக்கிறாள். படுக்கைப்புண் வந்தால் அது பெரும்பாலும் பராமரிப்பின் குறையே என்று 1860 வாக்கில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதினார். தனியாகக் கிடந்து தவிக்கும் மருமகளை நோக்கி அதைச் சொல்வது அநியாயம்.

மெத்தை, கரண்ட், வெள்ளம்

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து உடம்பைக் குழியில் தள்ளும், புரட்டவும் வராது. பலகைக் கட்டிலில் ஃபோம் மெத்தை போடுங்கள். காற்று வளையத்தை வால் எலும்புக்கு அடியில் வைக்கவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தைத் தடுக்கிறது.

மோட்டார் வைத்து அறை அறையாகக் காற்று மாறும் ஏர் பெட் உதவும். ஆனால் அதை வாங்கியதோடு புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏர் பெட் இருந்தாலும் புரட்ட வேண்டும். அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய விரிப்பு போதும். போர்வையும் ரப்பர் ஷீட்டும் அடுக்கினால் மெத்தை வேலை செய்யாது. கரண்ட் போனால் காற்று இறங்கி, நோயாளி பலகையில் கிடப்பார். அதனால் ஏர் பெட்டுக்கு அடியில் எப்போதும் ஃபோமோ நல்ல பஞ்சு மெத்தையோ இருக்கட்டும்.

தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு இது வெறும் எச்சரிக்கை இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்துவந்தபோது கரையோரம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். அணையில் நீர் திறப்பதாக அறிவிப்பு வந்தால், நடமாட முடிந்தவர்கள் கிளம்புவதற்கு வெகுமுன்பே படுத்திருப்பவரை மேட்டுக்கு நகர்த்துங்கள். நான்கு முனையைப் பிடிக்க நான்கு பேர், கெட்டியான ஒரு போர்வை, இரண்டு தலையணை, மாற்றுத் துணி, டிரெஸ்ஸிங் பொருட்கள் அடங்கிய பிளாஸ்டிக் பை ஆகியவற்றை ஐப்பசியிலேயே பேசி முடித்துவிடுங்கள். முகாமின் சிமெண்ட் தரையில் ஓர் இரவு அசையாமல் கிடந்தால் போதும், புண் வந்துவிடும்.

ஈரமும் சோறும்

சிறுநீரும் மலமும் பட்ட தோல் ஊறிப்போய்ச் சீக்கிரம் கிழியும். உடனே கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, வாசலினோ துத்தநாகக் களிம்போ மெல்லிசாகத் தடவுங்கள். முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது பழைய வார்டுப் பழக்கம். ஸ்பிரிட் தோலை வறட்டுகிறது, பவுடர் மடிப்புகளில் கட்டியாகிறது. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

புண் வந்ததும் முட்டையையும் மீனையும் பருப்பையும் நிறுத்திவிடுகிறார்கள், சீழ் பிடிக்குமாம். இந்தப் பத்தியம்தான் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். படுக்கைப்புண் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை தினமும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 62.5 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. முட்டை, பால், பருப்பு, வேர்க்கடலை, மீன் என்று நாள் முழுக்கப் பிரித்துக் கொடுத்தால்தான் அந்த அளவை எட்ட முடியும். மலையில் மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கூடவே அவரையோ மொச்சையோ இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புண் வந்துவிட்டால்

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு தட்டை டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிடுங்கள். அன்றன்று செய்து அன்றே தீர்த்துவிடுங்கள். புண்ணைக் கழுவ அதுவே போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால், ஸ்பிரிட் மூன்றும் கிருமியோடு புதுச் சதையையும் கொல்கின்றன. மஞ்சள், காபித்தூள், ஆன்டிபயாடிக் பவுடர் எதையும் குழிக்குள் கொட்ட வேண்டாம். சிஸ்டர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புண்ணையே பார்க்க முடியும்.

புண்ணைக் காயவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர், மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் தோல் வேகமாக மூடுகிறது என்று காட்டினார். நனைத்துப் பிழிந்த காஸை லேசாக நிரப்பி, மேலே உலர்ந்த காஸ் வைப்பது எளிய முறை. திணித்து அடைத்தால் அதுவே அழுத்தமாகிவிடும். குதிகாலில் காய்ந்து கெட்டியாக ஒட்டிய கரும்பொருக்கை நீங்களாக உரிக்காதீர்கள்.

ஈ உட்கார்ந்து புழு வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கிராமத்தில் இது நடக்கிறது, எடுக்க சிஸ்டருக்குத் தெரியும். துர்நாற்றத்துக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போடும் முறை ஆதரவு சிகிச்சையில் இருக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவர் சொல்வார். நாற்றம் என்று பேரப்பிள்ளைகள் அறைக்குள் வராமல் போவது அந்தப் புண்ணைவிட வலிக்கும்.

சிஸ்டர்களுக்கு

முதல் வருகையில் டிரெஸ்ஸிங்கைத் தொடும் முன் தலைமுதல் கால்வரை தோலைப் பாருங்கள். பிறகு மதிப்பெண். லண்டன் முதியோர் மருத்துவமனையில் ஆராய்ந்த செவிலியர் டோரீன் நார்ட்டன் 1962இல் முதல் அளவுகோலைத் தந்தார். 1987இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்டதுதான் இன்று அதிகம் புழங்குகிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசைவு, உணவு, உராய்வு என்று ஆறு தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. எந்தத் தலைப்பில் எண் குறைகிறதோ அங்கே வேலையைத் தொடங்குங்கள். ஈரத்தில் 1 வாங்கியவருக்கு மெத்தை வாங்கச் சொல்லிப் பயனில்லை.

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் வாரம் ஒருமுறை காகித அளவுகோலால் அளந்து எழுதுங்கள். “பரவாயில்லை” என்ற குறிப்பு அடுத்த சிஸ்டருக்கு உதவாது. இரண்டு வாரம் அழுத்தம் விலக்கியும் எண் இறங்காவிட்டால் சுகர், ரத்தசோகை, தொற்று என்று மருத்துவரிடம் நீங்களே பேசுங்கள். மருத்துவரிடம் அனுப்பும் முடிவை எடுக்கும் அதிகாரம் உங்கள் குறிப்பேட்டிலிருந்து வருகிறது.

சில புண்களை எவராலும் தடுக்க முடியாது. உயிர் பிரியும் கடைசி நாட்களில் தோலும் ஓர் உறுப்பாகச் செயலிழக்கிறது. இதை 1989இல் செவிலியர் கேரன் கென்னடி பதிவு செய்தார். அப்போது 2 மணி நேரக் கணக்கைத் தளர்த்தி, நோயாளிக்கு எந்தப் பக்கம் சுகமோ அந்தப் பக்கம் படுக்க விடலாம். வீட்டாரிடம் இதை உட்கார்ந்து சொல்லுங்கள், குற்ற உணர்வோடு அவர்களை விட்டுவராதீர்கள்.

உடனே மருத்துவமனைக்கு

காய்ச்சலும் குளிர்நடுக்கமும், புண்ணைச் சுற்றி வேகமாகப் பரவும் வீக்கம், அழுத்தினால் நறநறவென்ற சத்தம், குழியில் எலும்பு தெரிவது, சாப்பிடாமல் குழறிப் பேசுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் சிஸ்டரின் அடுத்த முறைக்குக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முதுகுத்தண்டு முறிந்தவருக்குத் திடீரென்று தலைவலி பிளந்து, முகம் வியர்த்து, பிரஷர் ஏறினால் முதலில் தலையை உயர்த்தி உட்கார வையுங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, எந்த எலும்புக்கு அடியில் என்ன அழுத்துகிறது என்று பாருங்கள். பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். இப்படி உட்கார வைக்கத் தேவையில்லாதவர்களுக்கு வண்டியிலும் 30 டிகிரி சாய்வு வேண்டும், தலையணைகளை எடுத்துச் செல்லுங்கள். புண்ணின் அளவுகள் எழுதிய நோட்டு டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்ந்து ஒரே பையில் இருக்கட்டும். வார்டுக்குள் நுழைந்ததும் அதை முதலில் பணியில் இருக்கும் சிஸ்டரிடம் கொடுங்கள்.